பழைய காரின் வைப்பர் மழையில் நின்றால்: வயரா, காயிலா, வேறு மோட்டாரா?

மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கியதும் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரே கேள்வியோடு வருவார்கள். வைப்பர் மெதுவாகிவிட்டது, அல்லது பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. கராஜில் காட்டினால், "மோட்டார் போய்விட்டது, ஜப்பான் மோட்டார் ஒன்றைப் போட்டுவிடுவோம்" என்கிறார்கள். போடலாமா? ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை தொடங்கும்போது இதே கேள்வி மறுபடியும் வரும்.

முன்பென்றால் மழைநாளில் மொரிஸ் மைனரை வீட்டில் நிறுத்திவிட்டு வேறு வாகனத்தில் போய்விடலாம். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் பல வீடுகளில் பழைய கார் அன்றாடக் கார் ஆகிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போவது எல்லாம் அதில்தான். அப்படி ஓடும் காருக்கு வைப்பர் உயிர்காக்கும் சாமான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்களில் "மோட்டார் போய்விட்டது" என்று சொல்லப்படுபவற்றில் பலவற்றுக்கு மோட்டாரில் பெரிய கோளாறு இருப்பதில்லை. மின்சாரம் முழுதாக வந்து சேராமலோ, மோட்டார் இழுக்க வேண்டிய பாரம் கூடியோ இருக்கும். அதைப் பார்க்காமல் வேறு மோட்டார் போட்டால் புதியதும் அதே நோயில் விழும். வேறு மோட்டார்தான் சரி என்ற சந்தர்ப்பங்களும் உண்டு; அவற்றையும் சொல்கிறேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

வழிகளை ஒப்பிட முன் அளவுகோல்களை வைத்துக்கொள்வோம்.

மழையில் நிலைக்குமா? கராஜ் வாசலில் இரண்டு நிமிடம் ஓடிக்காட்டுவது சோதனை ஆகாது. காலி வீதி நெரிசலில், ஹெட்லைட் போட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி ஒரு மணித்தியாலம் நிற்காமல் ஓட வேண்டும்.

மொத்தச் செலவு எவ்வளவு? சாமானின் விலை ஒரு பங்குதான். டாஷ்போர்ட் கழற்றும் கூலி, லேத் வேலை, சுங்க வரி, பிறகு வரும் திருத்தங்கள் எல்லாம் சேர வேண்டும்.

திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? தகட்டில் ஓட்டை போட்டால், பிராக்கெட்டை வெட்டினால் அது போனதுதான். காரை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் பொனட்டைத் திறந்து இதைத்தான் பார்ப்பார்.

அடுத்த முறை யார் திருத்துவார்? மட்டக்களப்புப் பயணத்தில் நின்றால் அங்கே உள்ள எலெக்ட்ரீஷியனுக்கு உங்கள் வயரிங் விளங்க வேண்டும்.

கார் எத்தனை நாள் கராஜில் நிற்கும் என்பதும் உண்டு. என்னைக் கேட்டால் முதலாவதும் மூன்றாவதுமே பெரியவை. வைப்பர் நம்பகமாக ஓட வேண்டும். அதற்காகக் காரைச் சிதைக்கவும் கூடாது.

## பணம் செலவழிக்க முன் அரை நாள் சோதனை

இங்கே ஓடும் பழைய பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் லூக்காஸ் மோட்டார்தான். டிஆர்2, டிஆர்3ஏ என்ற வகைகளை அதிகம் பார்க்கலாம். மோட்டாருக்குள் பல்சக்கரம் சுழன்று, பல் வெட்டிய வளையும் கேபிள் ஒன்றைக் குழாய்க்குள் முன்னும் பின்னும் தள்ளும். அந்தக் கேபிளைத்தான் ராக் என்கிறோம். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு சிறிய வீல்பொக்ஸ்கள் அந்த அசைவை வைப்பர் கைகளுக்குக் கொடுக்கும்.

இந்த மோட்டார்களின் வயரிங்கில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஜப்பான் கார்களிலேயே பழகிய எலெக்ட்ரீஷியன்கள் இங்குதான் தடுமாறுகிறார்கள். சாவி போட்டவுடன் மோட்டாருக்கு மின்சாரம் வந்துவிடும். டாஷ்போர்ட் சுவிச் எர்த் பக்கத்தில், அதாவது மின்சாரம் கார்த் தகட்டின் வழியே பற்றரிக்குத் திரும்பும் பக்கத்தில் இருக்கிறது. சுவிச்சைப் போட்டால் சுற்று தகட்டோடு சேர்ந்து மோட்டார் ஓடும். அணைத்தாலும் மோட்டாருக்குள் இருக்கும் பார்க் சுவிச், வைப்பர் கண்ணாடியின் அடிக்கு வரும்வரை எர்த்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே, சாவி போட்டதுமே வைப்பர் தானாக ஓடினால் சுவிச்சுக்குப் போகும் வயர் எங்கோ தோல் உரிந்து தகட்டில் தொடுகிறதா என்று பாருங்கள். அணைத்த பிறகு நிற்காமல் ஓடினாலோ நடுக்கண்ணாடியில் நின்றாலோ பார்க் சுவிச்சைப் பாருங்கள். கியர் மூடியின் மேலுள்ள வட்ட மூடியைக் கொஞ்சம் திருப்பினால் நிற்கும் இடம் மாறும். இவை எதற்கும் மோட்டார் மாற்றத் தேவையில்லை.

பல கார்களில் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் தகட்டோடு சேர்ந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனையைத் தகட்டில் வைத்து அளந்தால் அளவு மைனஸில் வரும். அதைப் பார்த்துப் பயந்து யாரும் வயரை மாற்றிக் கொடுத்துவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

சோதனை இந்த ஒழுங்கில் போகட்டும்.

முதலில் பியூஸ். மைனரில் இரண்டு பியூஸ் மட்டுமே. பச்சை வயர்கள் புறப்படும் பியூஸில் வைப்பரோடு பிரேக் லைட், சிக்னல், பெட்ரோல் மீட்டர் எல்லாம் தொங்குகின்றன. வைப்பரோடு இவையும் செத்திருந்தால் பியூஸ் அல்லது அதன் பிடி. வைப்பர் மட்டும் செத்திருந்தால் அதற்கு அப்பால் தேடுங்கள். பழைய லூக்காஸ் கண்ணாடி பியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 17 அம்பியர். இன்றைய 35 அம்பியர் பியூஸ் தொடர்ந்து அவ்வளவையும் விடும். அதைப் போட்டால் பியூஸுக்கு முதல் வயர் எரியும்.

இரண்டாவது, கண்ணாடியை நனைத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டு அளப்பது. காய்ந்த கண்ணாடியில் றப்பர் பிடித்து இழுக்கும். அந்த அளவை நம்ப முடியாது. எஞ்சினை நிறுத்தி, பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையே அளவு பாருங்கள். பிறகு மோட்டாரின் சப்ளை முனைக்கும் அதன் எர்த் முனைக்கும் இடையே பாருங்கள். பற்றரியில் 12.4 இருந்து மோட்டாரில் 12 வந்தால் பரவாயில்லை. மோட்டாரில் 10.8தான் வருகிறது என்றால் ஒன்றரை வோல்டுக்கு மேல் வழியில் தொலைந்துவிட்டது. காணாமல் போன அந்த வோல்ட்தான் வைப்பரின் மெத்தனம். எந்தப் பக்கத்தில் தொலைகிறது என்று அறிய, ஒரு முனையைப் பற்றரியின் எர்த் கம்பத்திலும் மற்றதை மோட்டாரின் எர்த் முனையிலும் வையுங்கள். மோட்டார் ஓடும்போது அங்கே 0.2, 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த்.

மூன்றாவது, பற்றரியிலிருந்து பியூஸ் வைத்த தடித்த வயர் ஒன்றை நேரே மோட்டாருக்குக் கொடுத்து, எர்த்தையும் நேரே கொடுங்கள். வைப்பர் உசாராக ஓடினால் மோட்டார் நல்லது. விஷயம் முடிந்தது.

நேரே கொடுத்தும் மெதுவாக ஓடினால் ராக்கைப் பாருங்கள். வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் கியர் மூடியைத் திறந்து, ராக்கின் முனையை விடுவித்து, மீன்காரரிடம் இருப்பதுபோன்ற கொக்கித் தராசு ஒன்றை மாட்டி இழுங்கள். 6 இறாத்தலுக்கு, அதாவது 2.7 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் குழாய்க்குள் கிறீஸ் காய்ந்து கல்லாகியிருக்கிறது, அல்லது வீல்பொக்ஸ் இறுகியிருக்கிறது. இப்படி ஒரு ராக்கை வெளியே உருவி எடுத்தால் பல்லிடுக்கெல்லாம் கறுத்த மெழுகுபோல் அப்பியிருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தபின் அதே ராக் இரண்டு விரலால் தள்ளினாலே ஓடும். இதைப் பார்த்தவர்கள் பிறகு மோட்டாரைக் குறை சொல்ல அவசரப்பட மாட்டார்கள்.

ராக்கைக் கழற்றிய நிலையில் மோட்டாரைத் தனியே ஓடவிட்டு அம்பியரும் பாருங்கள். 3 அம்பியர் அளவில் நின்றால் ஆரோக்கியம். அதைவிட மிகவும் கூடினால், அல்லது தனியே ஓடும்போதே விட்டுவிட்டு இழுத்தால், அப்போதுதான் மோட்டாரைத் திறக்க வேண்டும்.

## வழி ஒன்று: அதே மோட்டார், வயரும் எர்த்தும் ராக்கும் புதிது

கொழும்பில் இதுதான் பெரும்பாலான கார்களுக்குச் சரியான வழி என்பது என் கருத்து. காரணம் கடல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கல்கிசைப் பக்கம் இரவில் வெளியே நிற்கும் கார்களில் உப்புக்காற்று எந்த இணைப்பையும் விடாது. பழைய பிரித்தானிய வயரிங்கில் குண்டுபோன்ற முனைகளைச் சிறிய குழாய்க்குள் செருகி இணைத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். உருவினால் உள்ளே பச்சை பூத்திருக்கும்.

இன்னொரு காரணம் டிங்கரிங். நம் ஊரில் பழைய கார் ஒன்று எத்தனை முறை பெயின்ட் கண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. எர்த் வயர் தகட்டில் பிடிக்கும் இடத்தைச் சுரண்டாமல் பெயின்டுக்கு மேலேயே போல்ட் இறுக்கிவிடுவார்கள். மோட்டார் றப்பர் மெத்தையில் உட்கார்ந்திருப்பதால் அதற்கு வேறு எர்த் வழியும் இல்லை. அந்த ஒரு போல்டைக் கழற்றி, தகட்டை வெள்ளி தெரியச் சுரண்டி, வாஸ்லின் பூசி இறுக்கியதும் வைப்பர் உயிர் பெற்ற கார்கள் ஏராளம்.

வேலை இவ்வளவுதான்: சப்ளைக்கும் எர்த்துக்கும் 2 சதுர மில்லிமீற்றர் புதிய வயர், புதிய முனைகள், ராக்கும் குழாயும் கழுவி புதிய கிறீஸ், வீல்பொக்ஸுக்கு ஒயில். இதோடு ஒரு ரிலேயும், அதாவது சிறு மின்னோட்டத்தால் தூண்டப்பட்டுப் பெரிய மின்னோட்டத்தை விடும் சுவிச்சும் போடச் சொல்லுவேன். மோட்டாரின் முழு மின்னோட்டமும் அறுபது வருடப் பழைய டாஷ்போர்ட் சுவிச் வழியே போகிறது. ரிலே போட்டால் சுவிச் ரிலேயை மட்டும் தூண்டும்; தேடிக் கிடைக்காத அந்தச் சுவிச்சும் காப்பாற்றப்படும். ரிலேயை எர்த் பக்கத்தில், பழைய சுவிச்சின் இடத்தை எடுக்கும் விதமாகக் கட்ட வேண்டும். அப்போதுதான் பார்க் சுவிச் முன்போலவே வேலை செய்யும். டாஷ்போர்டுக்குள் மறைத்து வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது, வேண்டாம் என்றால் கழற்றியும் விடலாம்.

மறைந்த செலவு கூலியில் இருக்கிறது. வீல்பொக்ஸ்கள் டாஷ்போர்டுக்குப் பின்னால், கை போகாத இடத்தில் இருக்கின்றன. ராக்கைக் கழுவுவது மலிவு. அதைக் கழற்றி மாட்டுவது மலிவில்லை. பேசும்போதே "வீல்பொக்ஸ் வரை கழற்ற வேண்டும்" என்று சொல்லிக் கூலி பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் ராக்கின் ஒரு முனையில் ஒயில் விட்டுவிட்டுத் தந்துவிடுவார்கள்.

இந்த வழியில் தீராத ஒன்று உண்டு: டைனமோ. அல்டர்னேட்டர் இல்லாத காரில் எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது டைனமோ சார்ஜ் கொடுப்பதில்லை. முழு வேகத்திலும் அந்தக் காலத்து லூக்காஸ் சி40 டைனமோ 22 அம்பியர்தான் தரும். மழை, இருட்டு, நெரிசல் மூன்றும் சேர்ந்தால் ஹெட்லைட்டும் பிரேக் லைட்டும் வைப்பரும் பற்றரியைத் தின்னும். வோல்ட் இறங்க இறங்க வைப்பரும் தளரும். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் வைப்பர் வேகம் பிடிக்கிறதா? அப்படியானால் மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் பணம் சார்ஜிங்குக்குத்தான் போக வேண்டும்.

## வழி இரண்டு: உள்ள மோட்டாரைக் காயில் கட்டி எடுப்பது

தனியே ஓடும்போதே மோட்டார் சூடாகிறது, அதிக அம்பியர் இழுக்கிறது, அல்லது அசையவே இல்லை என்று உறுதியானால் இந்த வழி: மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி எடுப்பது. கொழும்பில் ஸ்டார்ட்டர், டைனமோ, மின்விசிறி மோட்டார் காயில் கட்டும் பாஸ்மார், அதாவது கைவினைஞர்கள், இன்னும் இருக்கிறார்கள். புதிதாக வாங்கி எறியும் பழக்கம் வந்த பிறகும் இந்தக் கைவேலை இங்கே சாகாமல் இருப்பது நமக்குப் பெரிய அதிர்ஷ்டம்.

டிஆர் வகை மோட்டாரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. உள்ளே சுழலும் ஆர்மேச்சருக்கும் காயில், சுற்றி நிற்கும் பீல்டுக்கும் காயில். இதனால் ஒரு நன்மை: காரைப் பொசிட்டிவ் எர்த்திலிருந்து நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினாலும் இந்த மோட்டார் சுழலும் திசை மாறாது, இரண்டு காயிலிலும் மின்னோட்டம் ஒன்றாகத் திரும்பிவிடுகிறது. ஆனால் கெடுவதற்கு இரண்டு இடங்கள். பீல்ட் காயில் அறுந்தால் மோட்டார் சுழலாது, ஆனால் மின்னோட்டத்தை அளவுக்குமேல் இழுத்துப் பியூஸை எரிக்கும். பார்ப்பவர்கள் ஆர்மேச்சர் ஷோட் என்று நினைத்து, நல்ல ஆர்மேச்சரை உரித்துப் புதிதாகக் கட்டிவிடுவார்கள். ஆர்மேச்சர் கட்டுவது நுணுக்கமான வேலை, கூலியும் கூட. பீல்ட் கட்டுவது அதோடு பார்க்கையில் சுலபம். ஆகவே கட்டக் கொடுக்க முன் பீல்ட் காயிலின் இரு முனைகளுக்கும் இடையே ஓம் பாருங்கள். இணைப்பே காட்டாவிட்டால் ஆர்மேச்சரைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பல வேளைகளில் காயில் ஒன்றுக்குமே குறைவிருக்காது. காபன் பிரஷ் தேய்ந்து, அதன் தூள், ஆர்மேச்சரின் முனையில் பிரஷ் உரசும் கொம்யூட்டேட்டரின் செப்புத் துண்டுகளுக்கிடையே அடைத்திருக்கும். பிரஷ் மாற்றி, இடைவெளிகளைக் கூரிய தகட்டால் கீறிச் சுத்தம் செய்தால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. அளவான பிரஷ் கிடைக்காதபோது வேறொரு மோட்டாரின் பெரிய பிரஷை அராவிப் போடுவார்கள். அளவு பொருந்தும், கடினம் பொருந்தாது. கடினமான பிரஷ் கொம்யூட்டேட்டரைத் தின்றுவிடும். கொம்யூட்டேட்டர் போனால் மாற்றுவது வேறு கதை. மென்மையான பிரஷ் கேட்டு வாங்குங்கள்.

மறைந்த செலவு: காயில் கட்டுபவர் மின்சாரப் பகுதியை மட்டும்தான் பார்ப்பார். கியர் பெட்டிக்குள் தேய்ந்த பல்லும் பார்க் சுவிச்சின் கருகிய முனையும் அவருடைய கணக்கில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

காரின் அசல் தன்மையைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நல்ல கையில் கொடுத்தால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

## வழி மூன்று: அதே வகை மோட்டாரைத் தேடி வாங்குவது

பஞ்சிகாவத்தையில் தேடலாம், அல்லது இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். பழைய கார் சாமான் என்றால் பஞ்சிகாவத்தையில் இல்லாதது இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் இருக்கும் சாமான் உங்கள் காருடையதா என்பது வேறு கேள்வி. டிஆர்3ஏ என்று உடம்பில் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் கியர்ச் சக்கரம் வைப்பர் எத்தனை பாகை வீச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணைச் சக்கரத்திலேயே குத்தியிருப்பார்கள். வேறு காரின் மோட்டார் போல்டுக்குப் போல்ட் பொருந்தும். ஆனால் மழையில் போட்டவுடன் வைப்பர் கண்ணாடி றப்பரில் இடிக்கும், அல்லது ஓட்டுநருக்கு முன்னால் ஒரு துண்டு துடைபடாமல் நிற்கும். ஆகவே பழைய மோட்டாரைக் கையில் கொண்டு போங்கள். இரண்டு கியர் மூடியையும் திறந்து எண்ணை ஒப்பிடுங்கள். எண் வேறாக இருந்தாலும் மோட்டார் நல்லது என்றால், உங்கள் கியரை அதற்குள் மாற்றிப் போடலாம்.

கடைக்காரர் பற்றரி வைத்து ஓட்டிக்காட்டுவார். ராக் இல்லாமல் ஓடுவதால் தேய்ந்த மோட்டாரும் பறக்கும். அம்பியர் மீட்டரை இடையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்திலிருந்து எடுப்பதில் வசதி என்னவென்றால் அங்கும் வலப்பக்க ஸ்டியரிங். வைப்பர் படுக்கும் பக்கம் நம்முடையதுதான். மைனருக்கு அங்கே சாமான் சந்தை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் காருக்கான உடற்தகடுகளை இலங்கையில் அடித்து அங்கே அனுப்பிய காலமும் உண்டு, ஆனால் மின்சாரச் சாமானுக்கு நாம் அவர்களைத்தான் பார்க்க வேண்டும். கணக்குப் போடும்போது பவுணில் காட்டும் விலையோடு நிற்காதீர்கள். மோட்டார் இரும்புக்கட்டி, அனுப்பும் கூலி நிறையில் ஏறும். மேலே சுங்க வரி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரி. சிலர் பழைய மோட்டாரைத் திருப்பி அனுப்பினால்தான் அந்த விலை என்பார்கள். கொழும்பிலிருந்து அனுப்புவது கட்டாது, வைப்புப் பணம் போய்விடும்.

மோட்டாரின் உடம்பு உடைந்தது, கியர்ப் பெட்டி வெடித்தது, அல்லது முன்னர் யாரோ அசல் மோட்டாரைத் தூக்கிவிட்டார்கள் என்றால் இந்த வழி சரி. மற்றபடி, காயில் கட்டினால் முடியும் வேலைக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை.

## வழி நான்கு: வேறு மோட்டாருக்கு மாற்றுவது

இதில் இரண்டு கிளை.

ஒன்று, லூக்காஸின் பிந்திய மோட்டாரான 14டபிள்யூ. 1960களின் கடைசியிலிருந்து பிரித்தானியக் கார்களில் பரவியது. இரண்டு வேகம், கூடிய பலம், அதே ராக் முறை. பின்வந்த மினி ஒன்றிலிருந்து கிடைக்கலாம். குழாயின் முனையும் ராக்கின் முனையும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். வயரிங்கை முழுதாக மாற்ற வேண்டும், ஏனென்றால் இதற்குச் சுவிச் சப்ளைப் பக்கத்தில். இது நிரந்தரக் காந்த மோட்டார். வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுழலும். பொசிட்டிவ் எர்த் காரில் போடுபவர் இதை அறிந்திருக்க வேண்டும். இரண்டு வேக சுவிச் ஒன்றும் டாஷ்போர்டில் எங்காவது இடம் தேடும்.

மற்றது, கராஜில் சொல்லும் ஜப்பான் மோட்டார், அல்லது மாருதி 800 மோட்டார். சாமான் மலிவு, எங்கும் கிடைக்கும், எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் தெரியும். இதன் பலம் உண்மையானது, மறுக்க மாட்டேன். ஆனால் இந்த மோட்டார்கள் இரும்புத் தண்டுகளைத் தள்ளப் பிறந்தவை, ராக்கைத் தள்ள அல்ல. ராக்கோடு இணைக்க லேத்தில் ஒரு கிராங்க் செய்ய வேண்டும். அதன் வீச்சு ராக்கின் ஓட்டத்தைவிட ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் இடிக்கும். இல்லையென்றால் ராக்கையே எறிந்துவிட்டுத் தண்டு முறை கட்ட வேண்டும்; அதற்குத் தகட்டில் ஓட்டை, வெல்டிங். பலமான மோட்டார் இறுகிய ராக்கைச் சந்தித்தால் மோட்டார் நிற்காது. வீல்பொக்ஸின் பல் போகும். பழைய மோட்டார் தளர்ந்து நின்று காட்டிய நோயை இது பல்லை உடைத்துக் காட்டும். பழைய மெல்லிய வயரில் ஓட்டினால் வயரும் சூடாகும்.

நன்றாகச் செய்த மாற்று வேலைகளைப் பார்த்திருக்கிறேன். பிராக்கெட்டைப் பழைய மோட்டாரின் அதே மூன்று ஓட்டைகளில் பிடித்து, புதிய ஓட்டை ஒன்றும் போடாமல், பழைய மோட்டாரைத் துணியில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யத் தெரிந்தவர் உங்களுக்கு அகப்பட்டால், காரை நாள்தோறும் ஓட்டுபவர் என்றால், இந்த வழியில் தவறில்லை.

## ஒரே பார்வையில்

| | வயர், எர்த், ராக் | காயில் கட்டல் | அதே வகை மோட்டார் | வேறு மோட்டார் |
|---|---|---|---|---|
| மழையில் நம்பகம் | மோட்டார் நல்லதென்றால் மிக நன்று | கட்டும் கையைப் பொறுத்தது | வாங்கும் மோட்டாரைப் பொறுத்தது | நன்றாகக் கட்டினால் மிக நன்று |
| சாமான் விலை | மிகக் குறைவு | குறைவு முதல் நடுத்தரம் | இங்கே நடுத்தரம், வெளிநாட்டில் அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | வீல்பொக்ஸ் கழற்றும் கூலி | கியர், பார்க் சுவிச் | கியர் எண் பொருந்தாமை, வரி, அனுப்பும் கூலி | லேத், வெல்டிங், வயரிங், சுவிச் |
| பழையபடி ஆக்கலாமா | ஆம் | ஆம் | ஆம் | பெரும்பாலும் இல்லை |
| அடுத்தவர் திருத்துவாரா | சுலபம் | காயில் பாஸ் வேண்டும் | முன்போலவே | மோட்டார் சுலபம், இணைப்பு கடினம் |
| பொருந்தும் ஆள் | ஏறக்குறைய எல்லோரும், முதலில் | அசல் காப்பவர் | மோட்டாரே இல்லாதவர் | நாள்தோறும் ஓட்டுபவர் |

## யாருக்கு எது

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் கார் என்றால் வழி ஒன்று, தேவைப்பட்டால் இரண்டு. அதற்கு மேல் போக வேண்டாம்.

நாள்தோறும் ஓடும் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்றவற்றுக்கு வழி ஒன்றோடு ரிலே, அதோடு சார்ஜிங்கைப் பார்ப்பது. மோட்டார் உண்மையிலேயே கெட்டிருந்தால், பின்வந்த மினியின் 14டபிள்யூ பொருந்துமா என்று பார்த்துவிட்டு, முடியாவிட்டால் காயில் கட்டுவது. தகட்டை வெட்டும் மாற்று வேலையை இந்தக் கார்களில் கடைசியில்தான் யோசிப்பேன்.

1960களின் நடுப்பகுதி வரையான வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அவற்றில் பல 6 வோல்டில் வந்தவை. அதே பலத்துக்கு மின்னோட்டம் இரட்டிப்பு, ஆகவே இணைப்புகளில் ஏற்படும் சிறிய நட்டமும் பெரிதாகத் தெரியும். 6 வோல்டாகவே வைத்திருப்பவர் வயரிங்குக்கு இன்னும் தடித்த வயர் போடட்டும். 12 வோல்டுக்கு மாற்றியவர், வைப்பர் மோட்டாரை மட்டும் பழையதாக விட்டு நடுவில் ரெசிஸ்டர் வைத்திருந்தால், அது சூடாகும் இடம் எது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பீட்டிலில் தண்டு முறை ஏற்கெனவே இருப்பதால் 12 வோல்ட் பீட்டில் மோட்டார் ஒன்றைத் தேடிப் போடுவது இங்கே நேர்வழி.

1950களின் போர்ட் 100ஈ வகை, அதாவது அக்காலத்து அங்கிலியா, பிரிஃபெக்ட் வைத்திருப்பவர்களும் மின்சாரம் கெட்டது என்று வருவார்கள். அவற்றில் வைப்பருக்கு மின்சாரமே இல்லை. எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஓடுகிறது. அக்சலேட்டரை அழுத்தினால் உறிஞ்சல் குறைந்து வைப்பர் தளரும். சமதரையில் சமாளிக்கலாம். கண்டி வீதியில், கடுகண்ணாவை ஏற்றத்தில், லொறிக்குப் பின்னால் மழையில் ஏறும்போது வைப்பர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். முதலில் வெடித்த றப்பர்க் குழாயை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மலைநாட்டுப் பயணம் அடிக்கடி உண்டென்றால், இந்த ஒரு காருக்கு வழி நான்கைத் தயங்காமல் சொல்லுவேன். உறிஞ்சல் மோட்டாரைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதன் பழைய ஓட்டைகளிலேயே பிடிக்கும் பிராக்கெட்டில் மின்மோட்டார் ஒன்றைப் போடுங்கள்.